கம்பம்மெட்டு இறக்கமும் ஒரு ஃபியூஸும்

நடந்தது இந்த வரிசையில்தான்.

1. சாயங்காலம். கேரள எல்லையிலிருந்து கம்பத்துக்குக் கம்பம்மெட்டு மலைச்சாலையில் இறங்கிக்கொண்டிருந்தோம். சாரல் விடாமல் அடித்துக்கொண்டிருந்தது.

2. ஏழு பேர் உட்காரும் வண்டியில் பதிமூன்று பேர் இருந்தோம். அண்ணன் ஓட்டினான். நான் முன் இருக்கையில். அம்மா நடு வரிசையில் கதவோரம். மற்றவர்கள் அம்மாவோடு ஏலக்காய்த் தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போய்வரும் பெண்கள்.

3. ஒரு கொண்டை ஊசி வளைவில் எதிரே லாரி ஏறி வந்தது. அண்ணன் பிரேக்கை அழுத்தி மிதித்தான்.

4. வண்டியின் பின்பக்கம் பள்ளத்தைப் பார்த்து நகர ஆரம்பித்தது.

5. நான் ஒரு சத்தத்துக்காகக் காத்திருந்தேன்.

6. அது வரவில்லை.

7. அண்ணன் பிரேக்கிலிருந்து காலை எடுத்து ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் ஒடித்தான். பின்பம்பர் ஓரத்துக் கட்டைச் சுவரில் உரசியது. வண்டி நின்றது.

8. யாருக்கும் அடி இல்லை.

மூன்றிலிருந்து எட்டு வரை எல்லாம் நாலைந்து விநாடிக்குள் முடிந்துவிட்டன. லாரிக்காரர் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்து, நாங்கள் எல்லோரும் உயிரோடு இருக்கிறோம் என்று தெரிந்ததும் மலையாளத்தில் ஏதோ திட்டிவிட்டு ஏறிப் போனார். வண்டிக்குள் ஒரு தூக்குவாளி கவிழ்ந்து உருண்டுகொண்டே இருந்தது. அதை யாரும் எடுக்கவில்லை.

முதலில் பேசியது பின்வரிசையில் இருந்த ஒரு அக்கா. “ஏய்யா, என்னைய இங்கன எறக்கி விட்ரு. நான் நடந்தே கம்பம் போயிக்கிறேன்.”

“இப்ப நடக்க ஆரம்பிச்சேன்னா விடிய வீட்டுக்குப் போயி, அப்படியே திரும்பி வேலைக்கு நடக்கணும்” என்றாள் பக்கத்தில் இருந்தவள். ரெண்டு மூன்று பேர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு சீக்கிரமே நின்றுவிட்டது.

அம்மா சிரிக்கவில்லை. “ஏலே, லாரி போயிருச்சுல்ல? மெதுவா எடு” என்று மட்டும் சொன்னாள்.

அண்ணன் வண்டியை எடுத்தான். அவன் கையைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. டேஷ்போர்டைப் பார்த்தேன். வேகமுள்ளுக்குப் பக்கத்தில் இரண்டு ஸ்டிக்கர் பொட்டுகள் ஒட்டியிருந்தன. மெரூன் கலர். காலையில் வண்டி ஏறும்போதே பார்த்திருந்தேன். சாமி படத்துக்குப் பக்கத்தில் இருந்ததால் அதுவும் பக்தி சம்பந்தப்பட்டது என்று நினைத்துவிட்டேன். இப்போது இருட்டிக்கொண்டு வந்ததால், பொட்டுகளின் ஓரத்தில் மஞ்சள் வெளிச்சம் கசிவது தெரிந்தது.

அந்த இடத்தில் என்னென்ன எச்சரிக்கை விளக்குகள் இருக்கும் என்று எனக்குத் தெரியும். அதைப் பார்த்த பிறகுதான் நிஜமான பயம் வந்தது. வழுக்கும்போது பயப்பட நேரம் இருக்கவில்லை. அதற்குப் பிறகு கம்பம் வரைக்கும் எத்தனை வளைவுகள் மீதி இருந்தனவோ அத்தனைக்கும் சேர்த்துப் பயந்தேன்.

நான் என்ன வேலை செய்கிறேன் என்று இங்கே சொல்ல வேண்டும். சென்னைக்குப் பக்கத்தில் ஒரு கம்பெனியில், வண்டி நிலை தடுமாறாமல் பார்த்துக்கொள்ளும் மின்னணுக் கட்டுப்பாட்டைச் சரிசெய்யும் குழுவில் இருக்கிறேன். ஒவ்வொரு சக்கரமும் எவ்வளவு வேகத்தில் சுற்றுகிறது என்று ஒரு உணர்கருவி சொல்லும். ஸ்டியரிங் எவ்வளவு திரும்பியிருக்கிறது என்று ஒன்று. வண்டியின் உடல் எவ்வளவு திரும்புகிறது என்று இன்னொன்று. ஓட்டுகிறவர் எங்கே போக நினைக்கிறார், வண்டி எங்கே போகிறது — இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால் கட்டுப்பாடு குறுக்கிடும். எந்தச் சக்கரத்தைப் பிடித்தால் வண்டி நேராகுமோ அந்த ஒரு சக்கரத்துக்கு மட்டும் பிரேக் கொடுக்கும். எஞ்சினின் இழுவையைக் குறைக்கும். சேற்றில் ஒரு சக்கரம் சும்மா சுற்றினால் அதைப் பிடித்து நிறுத்தி, இழுவையை எதிர்ச் சக்கரத்துக்கு அனுப்பும். எப்போது குறுக்கிடுவது, எவ்வளவு அழுத்திப் பிடிப்பது என்பதை முடிவு செய்வது எங்கள் வேலை.

சோதனைத் தளத்தில் தண்ணீர் ஓடும் வழவழப்பான தரை உண்டு. அங்கே தலைக்கவசம் போட்டுக்கொண்டு வேண்டுமென்றே வழுக்குவோம். ஆம்புலன்ஸ் ஓரமாக நிற்கும். சுற்றிலும் சமதளம். குறுக்கீடு நடக்கும்போது முன்பக்கத்திலிருந்து ஒரு சத்தம் வரும். மிக்ஸியில் ஏதோ கொட்டை மாட்டிக்கொண்ட மாதிரி ‘கர்ர்ர்’ என்று. பிரேக் எண்ணெயைத் தள்ளும் பம்பின் சத்தம் அது. அதைக் கேட்டாலே எனக்கு நிம்மதி வந்துவிடும். வண்டியை யாரோ பிடித்துக்கொண்டார்கள் என்று அர்த்தம்.

அண்ணன் பழைய ஜீப்பை விட்டுவிட்டு வேறு வண்டி எடுத்தபோது, இந்தக் கட்டுப்பாடு இருக்கிற வண்டியைத்தான் எடுக்க வேண்டும் என்று பிடிவாதமாக நின்றவள் நான். அம்மா அதில் தினமும் மலை ஏறி இறங்குகிறாள் என்பதுதான் காரணம், வேறொன்றும் இல்லை. இந்தமுறை ஒரு வாரம் விடுப்பில் வந்திருந்தேன். ஒரு நாள் கூடவே போய் வரலாம் என்று நானாகத்தான் ஏறினேன்.

ஒவ்வொரு பெண்ணையும் அவரவர் தெருமுனையில் இறக்கிவிட்டு வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தியதும், நகத்தால் ஒரு பொட்டைச் சுரண்டி எடுத்தேன். அடியில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. இரண்டாவதின் அடியிலும்.

“அண்ணே, இத யாரு ஒட்டுனது?”

“அம்மாட்ட கேளு.”

அம்மா சேலையைப் பிழிந்துகொண்டே சொன்னாள்: “நான்தான் ஒட்டுனேன். ரெண்டு லைட்டும் எரிஞ்சுக்கிட்டே கெடந்துச்சு. ஏறுற அம்புட்டுப் பேரும் ‘என்னக்கா லைட்டு, என்னக்கா லைட்டு’ன்னு உசுர எடுத்தாளுக. ஒட்டுனதுக்கப்புறம் ஒருத்தியும் கேக்கல.”

“அது எதுக்கு எரியுதுன்னு நீ கேட்டியா?”

“ஒங்கண்ணன் ஒண்ணுமில்லேன்னான்.”

அண்ணன் பம்பரில் உரசிய இடத்தைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான். நிமிராமலேயே சொன்னான். “அந்தக் கர்ர்ருங்கிறதுக்கு உள்ள ஃபியூஸ எடுத்துட்டேன். பட்டறையில சொல்லி எடுத்தேன். வண்டி எம் பேச்சக் கேக்கல, அதான்.”

எனக்குக் கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. எத்தனை நாளாக என்று கேட்டேன். மழை ஆரம்பித்ததிலிருந்து என்றான். அத்தனை நாளும் காலையும் மாலையும் அம்மா கதவோரம் உட்கார்ந்து அந்த வளைவுகளில் இறங்கியிருக்கிறாள். நான் சென்னையில், வண்டியில் அது இருக்கிறது என்ற நிம்மதியில் தூங்கியிருக்கிறேன்.

“அத அணைக்கப் பட்டன் ஒண்ணு இருக்குல்ல? அத அமுக்கிருந்தா போதாதா?” என்றேன்.

“அமுக்குனேன் ஆத்தா. சாவிய அணைச்சுப் போட்டா திரும்பியும் வந்துருது. அமுக்குனாலும் அந்தக் கர்ர்ருங்கிறது போக மாட்டேங்குது.” பிறகு அவன் நடந்ததைச் சொன்னான். மேலே தார்ச்சாலை முடிந்து, காய் உலர்த்தும் தோட்டத்து ஸ்டோருக்குப் போகும் மண் ஏற்றம் ஒன்று உண்டு. ஒரு பக்கம் மண்சுவர், மறுபக்கம் ஓடை. மழை ஆரம்பித்த வாரம், வண்டி நிறைய ஆட்களோடு அதில் ஏறும்போது பின்சக்கரம் சேற்றில் சுற்றியிருக்கிறது. உடனே கர்ர்ர். வண்டி இழுவை குறைந்து நின்றுவிட்டது. “ஏதோ பல்லு ஒடையுற மாதிரி சத்தம். நான் காலை எடுத்துட்டேன். வண்டி பின்னால உருள ஆரம்பிச்சுருச்சு. ஓடப்பக்கம். அம்மா உள்ள இருக்கு. கதவத் தெறக்காதீக, தெறக்காதீகன்னு கத்துறேன். ஹேண்ட் பிரேக்கப் போட்டு எப்படி நின்னுச்சுன்னே தெரியல. அதுக்கப்புறம் அந்தச் சத்தம் கேட்டாலே எனக்குக் கை காலு ஓட மாட்டேங்குது.”

வண்டியை யாரோ பிடித்துக்கொண்டார்கள் என்று நான் நினைக்கும் அதே சத்தம், அவனுக்கு வண்டி உடைகிற சத்தம். அம்மாவுக்காகத்தான் நான் அதைக் கேட்டு வாங்கச் சொன்னேன். அம்மாவுக்காகத்தான் அவன் அதைப் பிடுங்கிப் போட்டான்.

“அண்ணே, நீ ஒண்ண எடுத்ததா நெனைக்கிற. மூணு போச்சு” என்றேன். விரல் விட்டுச் சொன்னேன். சேற்றில் இழுவையையும் வளைவில் வழுக்கலையும் பார்த்துக்கொள்வது போனது. பிரேக் மிதித்தால் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காப்பது போனது. முன்சக்கரத்துக்கு எவ்வளவு, பின்சக்கரத்துக்கு எவ்வளவு என்று பிரேக்கைப் பங்கு பிரிப்பதும் போனது. இறக்கத்தில் பாரம் எல்லாம் முன்னால் சாயும், பின்சக்கரம் லேசாகிவிடும். அப்போது இரண்டுக்கும் ஒரே அளவு பிரேக் போனால் பின்சக்கரம் முதலில் பூட்டிக்கொள்ளும். பூட்டிக்கொண்டால் பின்பக்கம் தன் இஷ்டத்துக்குப் போகும். இன்றைக்கு நடந்தது அதுதான்.

அண்ணன் பம்பரை விட்டு நிமிர்ந்தான். “இத எவனாவது சொன்னானா? வண்டி எடுக்கையில பாட்டு எப்படிப் போடுறதுன்னு அரை மணி நேரம் சொல்லிக் குடுத்தாக. இத ஒருத்தரும் சொல்லல.”

ஃபியூஸ் டேஷ்போர்டுப் பெட்டிக்குள்தான் கிடந்தது, டேப்பில் சுற்றி. அவனே எடுத்து வந்து மாட்டினான். தெருக்கோடி வரை ஓட்டிப் போனோம். சக்கரம் நாலு சுற்று சுற்றியதும் இரண்டு விளக்குகளும் அணைந்தன; கட்டுப்பாடு திரும்ப வந்துவிட்டது.

“சரி. நாளைக்கு ஏத்தத்துல நின்னுச்சுன்னா?” என்றான்.

“நானும் வாரேன்.”

“வந்து?”

வந்து என்ன செய்வேன் என்று எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் விடியற்காலை ஏறும்போது என் மனத்தில் ஓடியது ஒரே ஒரு கணக்கு. எங்கள் சோதனைகளில் வண்டியைக் காலியாக ஓட்டுவோம்; முழுச் சுமையிலும் ஓட்டுவோம். முழுச் சுமை என்றால் ஏழு பேரும் அவர்கள் பெட்டிகளும். ஒருத்தி மடியில் இன்னொருத்தி, காலடியில் தூக்குவாளிகள், கூரைமேல் கட்டிய சாக்குகள் என்று பதிமூன்று பேரோடு இந்த வண்டி எங்கள் அட்டவணை எதிலும் இல்லை. பாரம் மேலே ஏற ஏற வண்டி சாய்வது மாறும். பின்னால் ஏற ஏற வழுக்குவது மாறும். ஃபியூஸ் இருக்கிறது, உண்மை. ஆனால் அது கற்றுக்கொண்ட வண்டி வேறு, ஓடுகிற வண்டி வேறு. இதை அண்ணனிடம் சொன்னால் அவன் மறுபடி ஃபியூஸைப் பிடுங்கிவிடுவானோ என்று பயமாக இருந்தது. சொல்லாமல் இருந்தால் ஃபியூஸை நம்பி வேகமாக இறங்குவானோ என்றும் பயமாக இருந்தது. சொன்னேன்.

“அப்ப இருந்தும் பிரயோசனம் இல்லேங்கிறியா?”

“இல்ல. இல்லாம இருக்கறதுக்கு இருக்கறது மேலு. ஆனா நீ இறங்குறது அது இல்லாத மாதிரியேதான் இறங்கணும்.”

“நல்ல வண்டி வாங்கிக் குடுத்த, போ” என்றான்.

செக்போஸ்ட்டைத் தாண்டியதும் மூடுபனி. மண் ஏற்றத்தின் அடிக்கு வந்தபோது நன்றாக விடிந்துவிட்டது. ராத்திரி பெய்த மழையில் சிவப்பு மண் குழைந்து கிடந்தது. ஓடையின் சத்தம் கேட்டது. எல்லோரும் இறங்கிக்கொள்ளுங்கள் என்று சொன்னேன்.

“ஏன் ஆத்தா, வண்டி எதுக்கு வாங்குனது? நாங்க தூக்கிட்டுப் போறதுக்கா?” என்றாள் நேற்று நடந்தே கம்பம் போகிறேன் என்ற அக்கா.

அம்மா முதல் ஆளாக இறங்கினாள். “எறங்குங்கடி. காலு என்ன தேஞ்சா போகும்?” மற்றவர்கள் முணுமுணுத்துக்கொண்டே இறங்கி, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மண்சுவர்ப் பக்கமாக வரிசையாக ஏற ஆரம்பித்தார்கள். அம்மா மட்டும் அங்கேயே நின்றாள்.

“நீயும் எறங்கு” என்றான் அண்ணன் என்னிடம்.

நான் இறங்கவில்லை. இறங்க ஆசையாகத்தான் இருந்தது.

முதல் தடவை பாதி ஏற்றம்கூடப் போகவில்லை. இடது பின்சக்கரம் சுற்றியது, உடனே கர்ர்ர். அண்ணனின் கால் ஆக்ஸிலரேட்டரிலிருந்து தானாகவே எழும்பியது. அதை நான் பார்த்தேன். வண்டி பின்னால் உருண்டது. இவ்வளவு நாள் நான் கேட்ட அந்தச் சத்தம் எல்லாம் சமதளத்தில் கேட்டதுதான் என்பது அப்போதுதான் உறைத்தது. ஓடைப்பக்கம் பார்த்தேன், பார்த்திருக்கக் கூடாது. பிரேக்கில் நின்றோம்.

“பாத்தியா?” என்றான்.

“கால எடுத்துட்ட அண்ணே. அது சுத்துற சக்கரத்தப் பிடிக்குது. பிடிச்சாத்தான் அந்தப் பக்கத்துச் சக்கரத்துக்கு இழுவை போகும். நீ கால எடுத்துட்டா அனுப்புறதுக்கு இழுவையே இல்ல.”

“சத்தம் வந்தா?”

“வரட்டும். அழுத்தவும் வேணாம், எடுக்கவும் வேணாம். வச்ச எடத்துலயே வச்சுக்க.”

“நீ சொல்லிருவ.”

அடிவரைக்கும் பின்னால் இறக்கிவிட்டு மறுபடி ஏறினோம். அதே இடத்தில் அதே சத்தம். இந்தத் தடவை அவன் கால் அங்கேயே இருந்தது. வண்டி நின்றுவிட்டது போலவே இருந்தது. கர்ர்ர் என்றது, விட்டது, மறுபடி கர்ர்ர் என்றது. நான் கதவுக் கைப்பிடியைப் பிடித்திருந்தேன்; வேலை பார்க்கிறவள் பிடிக்கிற மாதிரி இல்லை, குதிக்கப் போகிறவள் பிடிக்கிற மாதிரி. வலதுபக்கச் சக்கரம் எதையோ கவ்வியது. வண்டி ஒரு முழம் நகர்ந்தது. நின்றது. இன்னொரு முழம். மண்சுவரோரமாக நடந்துகொண்டிருந்த பெண்கள் எங்களைத் தாண்டிப் போனார்கள்.

“ஏய்யா, கல்யாண ஊர்வலமா? நாங்க முன்னால போயி எலை போட்டு வைக்கிறோம்” என்று ஒருத்தி கத்தினாள்.

அண்ணனுக்குச் சிரிப்பு வந்தது. ஆனாலும் காலை எடுக்கவில்லை. அப்படியே ஊர்ந்து மேலே வந்து சேர்ந்தோம். அம்மா எங்களுக்குப் பின்னால், நடந்து வந்தாள். நாங்கள் உருண்டால் அவள் மேல்தான் உருண்டிருப்போம். ஏன் அங்கே வந்தாய் என்று கேட்டேன். “ரெண்டு பேரும் உள்ள இருக்கீக. நான் எங்கன போறது?” என்றாள்.

ஸ்டோரில் இருந்த மேற்பார்வையாளர் நேரமாகிவிட்டது என்று கடிந்துகொண்டார். அம்மா அவரிடம் பாதித் தமிழும் பாதி மலையாளமுமாகப் பேசினாள். இனிமேல் அடியிலிருந்து நடந்துதான் வருவோம், நாளையிலிருந்து கொஞ்சம் முன்னாடியே கிளம்பிவிடுகிறோம் என்றாள். பெண்களை அவள் கேட்கவில்லை. அவர்களும் மறுக்கவில்லை, அவர்களைக் கூட்டி வருவது அவள்தான். நேற்றைய வளைவு எல்லோருக்கும் ஞாபகத்தில் இருந்தது என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

ஆட்களைக் குறைத்து இரண்டு நடையாகக் கூட்டி வரலாமே என்று அண்ணனிடம் கேட்டேன். இரண்டாவது நடை வந்து சேர்வதற்குள் அவர்கள் வேலைக்கு வேறு ஊர் ஜீப் ஆட்களைக் கொண்டு வந்து இறக்கிவிடும் என்றான். அதில் பொய் இல்லை. வழிநெடுக அந்த ஜீப்புகளைப் பார்த்திருந்தேன். எங்களைவிட அதிகம் பேர் தொங்கிக்கொண்டு வந்தார்கள்.

அன்று சாயங்காலமும் சாரல். இறங்கும்போது நான் முன் இருக்கையில் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அண்ணன் இரண்டாவது கியரிலேயே வந்தான். பின்னால் ஹாரன் அடித்தவர்களுக்கெல்லாம் வழிவிட்டான். அந்த வளைவு வந்தது. கட்டைச் சுவரில் எங்கள் வண்டியின் வெள்ளை பெயின்ட் ஒட்டியிருந்தது. எதிரே எதுவும் வரவில்லை. வளைவைக் கடந்தோம்.

சத்தம் எதுவும் கேட்கவில்லை. அவன் மெதுவாக வந்ததால் தேவைப்படாமல் போயிருக்கலாம். நேற்றைய லாரி இன்று வராததாலும் இருக்கலாம். ஒரே ஒரு பயணத்தை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. அலுவலகத்தில் யாராவது இப்படி ஒரு முடிவோடு வந்தால் நானே திருப்பி அனுப்பிவிடுவேன். அப்படியிருந்தும் கம்பத்தின் தென்னந்தோப்புகள் கீழே தெரிந்தபோது எனக்கு அழுகை வந்தது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

விடுப்பு முடிந்து நான் கிளம்பிவிட்டேன். இப்போதைய நிலைமை இது. ஃபியூஸ் அதன் இடத்தில் இருக்கிறது. மண் ஏற்றத்தில் பெண்கள் நடக்கிறார்கள். அண்ணன் காலி வண்டியை ஏற்றுகிறான். கனமழை நாட்களில் அதுவும் ஏறுவதில்லை, அடியிலேயே நிறுத்திவிடுகிறான். இறக்கத்தில் இரண்டாவது கியர்தான் என்று சொல்கிறான், நம்புகிறேன். நான் உட்கார்ந்த இடத்தில் இப்போது வேறொரு பெண் போகிறாள், அதனால் ஆள் குறையவில்லை. காய் எடுப்பு முடிய இன்னும் சில மாதங்கள் இருக்கின்றன. அம்மா தினமும் போய்வருகிறாள். மழை பெய்யும் நாட்களில் அவள் வீடு சேர்ந்துவிட்டாள் என்று தெரியும்வரை எனக்கு வேலை ஓடுவதில்லை.